புனுகுப்பூனை வாலில் எட்டு வளையம்

அந்தக் காலத்தில், காட்டு மிருகங்கள் எல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த நாளில், இலுப்பைமலை என்று ஒரு மலை இருந்தது. பேருக்கு ஏற்றபடி மலை முழுக்க இலுப்பை மரம். பங்குனி பிறந்தால் போதும், பொலபொலவென்று பூ உதிர ஆரம்பித்துவிடும். அந்தப் பூவை வெயிலில் காயவைத்து மழைக்காலத்துக்கு என்று சேர்த்து வைப்பது மலையின் வழக்கம். ஆனி மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் யாரும் வெளியே தலை நீட்ட முடியாது. காய்ந்த இலுப்பைப்பூதான் சோறு, அதுதான் பலகாரம், அதுதான் உயிர்.

சேர்ப்பதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. பங்கிடுவதில்தான் வருஷா வருஷம் ரகளை.

பங்கிடுகிற உத்தியோகம் செதிலாண்டி என்ற உடும்பிடம் இருந்தது. ஒரு வில்வக்காய் ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறி உட்காருவார். "கரடி வீட்டுக்கு ஒண்ணு, மான் வீட்டுக்கு ஒண்ணு, முள்ளம்பன்றி வீட்டுக்கு ஒண்ணு" என்று ஓடு ஓடாக அளந்து போடுவார். மலையில் பதினாறு வீடு. ஒரு சுற்று முடிந்தால் மறுபடியும் கரடி வீடு. நடுவில் யாராவது தும்மித் தொலைத்தால் எந்த வீட்டில் விட்டோம் என்பது மறந்துபோகும். மறந்தால் போட்டதையெல்லாம் திரும்ப வாரிக் கொட்டி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வேறு வழி பார்க்கலாமே என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிடித்தால் பிடித்ததுதான், உடும்பாயிற்றே! அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைசியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது எவ்வளவானாலும் பங்கிட்டவருக்கு. கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முந்தின வருஷம் இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. பாதிக் குவியல்கூட அளந்து முடியவில்லை. பூ நனைந்து, ஊறி, நுரைத்துப் புளித்துப்போனது. ஊர்ப் பெரியவர் கரியமாணிக்கம் என்ற கரடி, "அடடா, வீணாப் போகுதே" என்று அதில் கொஞ்சம் தின்று பார்த்தார். கொஞ்சம் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, மான் வீட்டுக் கிழவிகூட விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிரிப்பு எத்தனை நாளைக்கு? வளையில் தின்ன ஒன்றும் இல்லை. வெளியே மழை விட்டபாடில்லை. அந்த மழையில்தான் கதம்பியின் கடைக்குட்டி பசியிலேயே செத்துப்போனது.

கதம்பி ஒரு புனுகுப்பூனை. கதையே அவளைப் பற்றியதுதான். அவளைப் பற்றி ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவள் சரியான சோம்பேறி. வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இருக்க ஒரு வழி உண்டா என்று யோசிப்பதற்கே பாதி நாளைச் செலவழிப்பாள். மீதி நாள் தூக்கம். ஆனால் அந்தக் குட்டி போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. இந்த வருஷம் வளையில் இரண்டு குட்டிகள் இருந்தன. இந்த இரண்டையும் மழைக்குக் கொடுக்கமாட்டேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். ஓடு ஓடாக அளக்கிற அந்த வில்வ ஓட்டைக் கண்டாலே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த வருஷம் குவியலுக்குக் காவல் அவள்தான். அளவு பார்ப்பதும் அவள்தான்.

அளவு பார்ப்பது எப்படி என்றால், காய்ந்த ஓடைப் பாறையில் பன்னிரண்டு குழிகள் வரிசையாக இருந்தன. முதல் குழியில் இரண்டு வில்வ ஓடு பூ பிடிக்கும். இரண்டாம் குழியில் முதல் குழியைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும். மூன்றாவதில் இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு. இப்படியே ஒவ்வொன்றும் முந்தினதைப் போல இரட்டையாகப் பெருகி, பன்னிரண்டாவது குழியில் யானையே படுத்துப் புரளலாம். ஒரு குழி நிறைந்த பிறகு அதே அளவு பூ இன்னொரு தடவை சேர்ந்தால், இரண்டையும் அடுத்த குழியில் கொட்டிவிடுவார்கள். தலை தட்டிச் சரியாக நிறையும்.

கரடியாருக்கோ பொறுமை கிடையாது. நாளைக்கு நாலு தடவை வந்து, "கதம்பி, எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பார். தூக்கத்திலிருந்து எழுந்து குழி குழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். நம் கதம்பியா செய்வாள்? எரிந்த கட்டையிலிருந்து கரியை எடுத்து எச்சிலில் குழைத்து, ஒவ்வொரு குழி மாறும்போதும் தன் வாலில் ஒரு வளையம் போட்டுக்கொண்டாள். அடியிலிருந்து நுனியை நோக்கி வரிசையாக. அப்போதெல்லாம் புனுகுப்பூனைக்கு வால் வெறும் வெளுத்த வால்தான், கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அதில் கரி நன்றாகப் பிடித்தது. கரடியார் வந்து கேட்டால் கண்ணைக்கூடத் திறக்காமல் வாலை மட்டும் தூக்கிக் காட்டுவாள். அவர் வளையத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

பன்னிரண்டாம் வளையம் வால் நுனியில் ஏறிய அன்றைக்கே மேற்கே கறுத்துவிட்டது. வழக்கத்துக்கு இரண்டு நாள் முந்தியே மழை வரப் பார்த்தது. கரடியார் கூப்பாடு போட்டு எல்லா வீட்டாரையும் பாறைக்கு வரவழைத்தார். செதிலாண்டி வில்வ ஓட்டைத் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். ஓடு கணக்கில் பார்த்தால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஓடு. என்றைக்கு அளந்து, என்றைக்கு முடிக்க?

கதம்பி பாறைமேல் தாவி ஏறினாள்.

"இந்த வருஷம் ஓடு ஓடா அளக்குற வேலையே வேண்டாம். என்கிட்ட ஒரு வழி இருக்கு."

உண்மையைச் சொன்னால் அவளிடம் அரை வழிதான் இருந்தது. மீதி வழி பேசப் பேச வந்துவிடும் என்று நம்பி ஏறிவிட்டாள்.

"எல்லாரும் வீட்டுக்கு ஒருத்தர் வாங்க. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேருங்க" என்றாள். மான் முயலோடு சேர்ந்தது, கீரி மயிலோடு முறைத்துக்கொண்டே சேர்ந்தது. கதம்பி தன் முன்னங்காலில் கரியால் ஒரு கோடு போட்டாள். "இப்ப ஜோடியும் ஜோடியும் சேருங்க." இரண்டாவது கோடு. "இப்ப கும்பலும் கும்பலும்." மூன்றாவது கோடு. "இப்ப எல்லாரும் ஒண்ணா." நாலாவது கோடு. ஒருவரும் தனியாக விடுபட்டு நிற்கவில்லை, அது அந்த மலையின் அதிர்ஷ்டம்.

"பாத்துக்கங்க. பூ எத்தனை தடவை ரெட்டிச்சதுன்னு வாலில் இருக்கு, பன்னிரண்டு. நம்ம வீடு எத்தனை தடவை ரெட்டிச்சதுன்னு காலில் இருக்கு, நாலு" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். வாலைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செதிலாண்டி நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டார். "அட, இவ்வளவுதானா? பன்னிரண்டை நாலாப் பங்கிட்டா எத்தனை? மூணு. வீட்டுக்கு மூணு வளையம். மூணாவது குழி நிறைய ஆளுக்கு ஒரு பங்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"சரியாத்தானே இருக்கு" என்றது முள்ளம்பன்றி. பங்கீடு என்றால் பங்கிடத்தானே வேண்டும்? எல்லாத் தலைகளும் ஆடின. கரடியாரின் பெரிய தலையும் ஆடியது.

மூன்றாவது குழியில் பிடிப்பது எட்டே எட்டு ஓடு. ஒரு வீட்டுக்கு நாலு நாளைக்குக்கூடக் காணாது. பதினாறு வீடும் அப்படி எடுத்துக்கொண்டு போனால் பெரிய குழியில் ஓரம்கூடக் குறையாது. அந்த மலை மாதிரி மிச்சம் முழுவதும் யாருக்கு? பங்கிட்டவருக்கு. செதிலாண்டி தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் வெளிச்சம். ஆனால் கதம்பி அந்தச் சின்ன மூன்றாம் குழியைத் திரும்பிப் பார்த்தாள். தான் கண்டுபிடித்த வளையத்தை வைத்தே தன் குட்டிகளின் வாயில் மண்ணைப் போடுகிறார்களே! "ஐயோ, இதுக்கா நான் பாறைமேல ஏறினேன்" என்று நொந்துகொண்டாள்.

"இல்லை, அது தப்பு" என்று கத்தினாள்.

"தப்புன்னா சரி எது? சொல்லு" என்றார் செதிலாண்டி.

சரி எது என்று அவளுக்கே இன்னும் தெரியாது. கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் இன்னும் ஒரே கும்பலாக முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். கீரி, "இன்னும் எத்தனை நேரம் இந்த மயில் இறகு என் மூக்குல குத்தணும்? பிரிச்சு விடுங்களேன்" என்று சிடுசிடுத்தது.

பிரிச்சு விடுங்களேன்! கதம்பிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பிரிச்சு விடறேன்டா, என் ராசா! பாதிப் பேர் இந்தப் பக்கம் வாங்க, பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்க. ம்... சீக்கிரம்! கரியமாணிக்கம் மாமா, இப்ப ரெண்டு கும்பல். பன்னிரண்டாம் குழியை ரெண்டு கும்பலுக்கும் சரிபாதியாக் கொடுத்தா ஒவ்வொரு கும்பலுக்கும் எந்தக் குழி நிறையும்?"

கரடியார் தலையைச் சொறிந்தார். "பதினொண்ணாவது குழி. ரெண்டு பதினொண்ணாம் குழியைக் கொட்டித்தானே பன்னிரண்டாவதை ரொப்பினோம்."

"அப்படின்னா எனக்கு ஒரு வளையம் போச்சு!" என்று சொல்லி, நுனியில் இருந்த வளையத்தை நாக்கால் நக்கி அழித்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இன்னொரு தடவை பாதியாப் பிரிங்க. நாலு கும்பல். இப்ப?"

"பத்தாவது குழி" என்று இந்தத் தடவை முயல் கத்தியது. இன்னொரு வளையம் போனது.

"ஜோடி ஜோடியா நில்லுங்க!"

"ஒன்பது!" பாதிக் கூட்டம் கத்தியது. மூன்றாவது வளையமும் போனது.

"இப்ப தனித்தனியா, வீட்டுக்கு ஒருத்தரா!"

"எட்டு!" என்று மலையே அதிர்ந்தது. கீரிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தியது, மயிலிடமிருந்து தப்பித்த சந்தோஷம் வேறு. கதம்பி நாலாவது வளையத்தையும் அழித்துவிட்டு, வாலை உயர்த்திப் பிடித்தாள். நுனி வெளுத்திருந்தது. கீழே எட்டுக் கறுப்பு வளையம்.

"வீட்டுக்கு எட்டாம் குழி நிறைய ஒண்ணு" என்றாள். "காலில் நாலு கோடு இருந்துச்சு, வாலில் நாலு வளையம் போச்சு. அவ்வளவுதான் கணக்கு!"

எட்டாம் குழி என்றால் இருநூற்று ஐம்பத்தாறு ஓடு. ஒரு வீடு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தின்னலாம்.

செதிலாண்டி விடுவாரா? "பங்கிடச் சொன்னா கழிக்கிறாளே, இது எந்த ஊர் நியாயம்? வாய்ச்சாலகத்துல மயங்காதீங்க. எட்டாம் குழி எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. பத்து வீட்டுக்குக் கொடுக்கிறதுக்குள்ள பெரிய குழி காலியாயிடும். கடைசியில நிக்கிற வீடு பட்டினி கிடக்கும். அப்ப யாரு பொறுப்பு?" என்றார்.

கூட்டம் மறுபடியும் குழம்பியது. எட்டாம் குழி பெரிய குழிதான். பதினாறு தடவை அது நிறையுமா? பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. மேகம் இப்போது தலைக்கு மேலேயே வந்துவிட்டது. கரடியார் கதம்பியைப் பார்த்தார்.

"நான் பொறுப்பு" என்றாள் கதம்பி. "எல்லாரும் எடுத்துக்கிட்ட பிறகு கடைசியா என் வீட்டுக்கு எடுத்துக்கறேன். குறைஞ்சா என் பங்குதான் குறையும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, பந்தயமாக வைத்தது தன் இரண்டு குட்டிகளை என்று. கணக்கு சரி என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெற்றவளுக்கு அப்படித்தான் அடிக்கும்.

"நடக்கட்டும்" என்றார் கரடியார்.

பெரிய குழியிலிருந்து வாரி எட்டாம் குழியில் கொட்டுவது கரடியாரே ஏற்றுக்கொண்ட வேலை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். குழி நிறைந்ததும் கரடி வீட்டுக் குட்டிகள் தேக்கிலைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு குகைக்கு ஓடின. அடுத்து மான் வீடு. அடுத்து முயல் வீடு. ஓடு ஓடாக அளந்த காலத்தில் ஒரு சுற்றுக்கு ஆகிற நேரத்துக்குள் ஒரு வீட்டின் முழுப் பங்கும் வீடு போய்ச் சேர்ந்தது. யார் தும்மினாலும் கவலையில்லை. முள்ளம்பன்றி வேண்டுமென்றே இரண்டு தடவை தும்மிப் பார்த்துக்கொண்டது.

பாதி வீடுகள் போனபோது பெரிய குழி பாதியாகியிருந்தது. முக்கால்வாசிப் பேர் போனபோது அதன் அடி தெரிய ஆரம்பித்தது. செதிலாண்டி குழியின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்தார். அவருடைய பங்கும் வந்தது. எடுக்கும்போது மட்டும் முணுமுணுப்பு நின்றது.

கடைசியில் மயிலும் எடுத்துக்கொண்டு போனது. மிஞ்சியது கதம்பி வீடு ஒன்றுதான். முதல் மழைத்துளி அவள் மூக்கில் விழுந்தது.

பெரிய குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பரந்த பாறையில் பூ மெல்லியதாகப் பரவிக் கிடந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. குட்டிகள் இரண்டும் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றன.

"அம்மா, நம்மளுக்கு இருக்கா?" என்றது ஒன்று.

"இருக்குடா கண்ணு. அம்மா கணக்கு தப்பாது" என்றாள்.

கரடியார் குழிக்குள் இறங்கி மூலை மூலையாகக் கூட்டி அள்ளினார். எட்டாம் குழியில் கால்வாசி. பிறகு அரைவாசி. மான் வீட்டார் திரும்பி வந்து பார்த்தார்கள். முயல் வீட்டார் வந்தார்கள். மழைத்துளி விழ விழ ஒருவரும் நகரவில்லை. முக்கால். கரடியார் கடைசியாக ஒரு அள்ளு அள்ளிக்கொண்டு வந்து, குழியின் மேலே கையைத் தூக்கிப் பிடித்து மெதுவாக விட்டார். பூ சரிந்து, பரவி, குழியின் விளிம்போடு வந்து நின்றது. ஒரு பூ கூடுதல் இல்லை, ஒரு பூ குறைவும் இல்லை. பெரிய குழியில் வெறும் பாறை.

அப்புறம் பாருங்கள், என்ன ஆரவாரம்! மயில் தோகையை விரித்தது. முயல்கள் தலைகீழாகக் குதித்தன. கரடியார் போன வருஷம் ஆடியதைவிட நன்றாக ஆடினார், இந்தத் தடவை ஒரு பூவைக்கூட வாயில் போடாமலே. எல்லாருமாகச் சேர்ந்து கதம்பியின் பங்கைக் கட்டித் தூக்கி, மழை வலுப்பதற்குள் அவள் வளையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு இதழ்கூட நனையவில்லை. கதம்பி வளை வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அந்தக் கடைக்குட்டியை நினைத்தும் அழுதாள்.

செதிலாண்டி காலிக் குழியையே வெகுநேரம் பார்த்தார். மிச்சம் என்று ஒரு துகள்கூட இல்லை. "சரி, ஒத்துக்கறேன்" என்றார். உடும்பு தன் பிடியை விட்டதை மலை பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஆனா கரியில போட்ட கணக்கு ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்த வருஷம் மறுபடியும் மூணா எட்டான்னு நாம சண்டை போடத்தான் போறோம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். கதம்பியின் வாலில் கரி ஏற்கெனவே கரைந்து வழிய ஆரம்பித்திருந்தது. கரடியார் யோசித்தார். மழையிலேயே போய் ஒரு கை சேங்கொட்டை பறித்துக்கொண்டு வந்தார். வண்ணார் துணியில் குறிபோடுவார்களே, அதே சேங்கொட்டை. எத்தனை வெளுத்தாலும் போகாத கறை அது.

"எரியும் தாயி. பொறுத்துக்குவியா?"

"பட்டினியைவிடவா மாமா எரிஞ்சுடும்? போடுங்க" என்று வாலை நீட்டினாள் கதம்பி.

கரி போட்ட தடத்திலேயே எட்டு வளையத்தையும் சேங்கொட்டைப் பாலால் அழுத்தி வரைந்தார்கள். அழித்த நாலு வளையம் இருந்த நுனியை அப்படியே வெறுமையாக விட்டார்கள், கழித்தது எது என்று தெரிய வேண்டுமல்லவா? நன்றாகவே எரிந்தது. அவள் ஒரு சத்தம் போடவில்லை. வாலைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையை ஒரு சுற்று வந்தாள். அடுத்த ஈற்றில் அவளுக்குப் பிறந்த குட்டிகள் அந்த வளையங்களோடேயே பிறந்தன.

இன்றைக்கும் காட்டோரம் ஒரு புனுகுப்பூனை குறுக்கே ஓடினால் வாலைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருந்தால் என்னோடு சண்டைக்கு வராதீர்கள், தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த வால் அது. ஆனி மழையின் முதல் துளியில் ஒரு தாய் தன் குட்டிகளை வைத்துப் பந்தயம் கட்டி ஜெயித்தாளே, அன்று முதல்தான் புனுகுப்பூனையின் வாலில் கறுப்பு வளையங்கள் அழியாமல் இருக்கின்றன, அதன் நுனி மட்டும் வெளுத்தே இருக்கிறது.